திரை இருண்டால் கம்ப்யூட்டர் செத்துவிட்டதா?

(மூன்றாம் ஆண்டு கணிப்பொறியியல் மாணவி)



நம் சர்வீசிங் லேபில் ஒரு பழக்கம் உண்டு. மானிட்டரில் படம் வரவில்லை என்றால் ‘டெட்’ என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவோம். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்கும். கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் பச்சை விளக்கு எரிந்து அணையும். ஆனாலும் டெட்தான்! நாடி ஓடுகிறது, மூச்சு வருகிறது, கண்ணை மட்டும் திறக்கவில்லை என்பதற்காக ஆளைப் பாடையில் கட்டுகிற மாதிரி இருக்கிறது இது.

இந்த மலரில் மற்றவர்கள் நட்பு, காதல், தன்னம்பிக்கை என்று அழகாக எழுதியிருப்பார்கள். நான் ரிப்பேரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். கெட்டுப்போன கம்ப்யூட்டரை மீட்கத் தெரியும் என்று ஒருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமானால், திரையைப் பார்க்காமலும் மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் துவக்க விசைகளும் திரை வாசிப்பானும் நம் பிராக்டிகலில் இடம்பெற வேண்டும். மெஷின் செய்கிறவர்களும், பவர் பட்டனை அமுக்கிய நொடியிலிருந்து அதைக் காதுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வைக்க வேண்டும். இப்போது அப்படி இல்லை. மெஷின் நன்றாக இருக்கும்போது பேசுகிறது. கெட்டுப்போனால் வாயை மூடிக்கொள்கிறது. எப்போது பேச வேண்டுமோ அப்போது பேசுவதில்லை.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். மெஷினை ஆன் செய்ததற்கும் விண்டோஸ் வருவதற்கும் நடுவே சில நொடிகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் குறிப்பிட்ட சில விசைகளைத் தட்டினால் மெஷின் வழக்கமான பாதையை விட்டு வேறு வாசலுக்குப் போகும். டெல்லில் எஃப் 2 அடித்தால் செட்டப் திரை. எஃப் 12 அடித்தால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும் பட்டியல். எச்.பி.யில் அதுவே எஃப் 10, எஃப் 9. இவைதான் துவக்க விசைகள். திரை வாசிப்பான் என்பது ஸ்கிரீன் ரீடர். திரையில் எழுத்தாக இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள். பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரை இயக்குவது இதை வைத்துத்தான். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே நரேட்டர் என்று ஒன்று விண்டோஸோடு கூடவே வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? கை தவறித் திறந்துவிட்டால்கூட, “ஏய், வைரஸ்டா, பேசுது!” என்று மூடுகிற கூட்டம் நாம்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அப்பா லோடுமேன். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மடிக்கணினி வாங்கித் தந்தார்கள். இந்தப் பொங்கல் லீவில் அதன் திரை சுத்தமாகக் கருத்துவிட்டது. மூடித் திறக்கும் கீல் வழியாக உள்ளே போகும் டிஸ்ப்ளே கேபிள் தேய்ந்து அறுந்திருக்கிறது. பழைய மடிக்கணினிகளுக்கு வரும் வியாதிதான். லீவு முடிந்த மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ. பென் டிரைவில் ஒரு காப்பி இருந்தது; கடைசி இரண்டு அத்தியாயமும் புரோகிராமில் செய்த திருத்தங்களும் அதில் இல்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினோம். “பேனலும் கேபிளும் சேர்த்து ஏழாயிரம் ஆகும். டேட்டா இருக்கும்னு கேரண்டி கிடையாது” என்றார்கள். திரைக்கும் டேட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. காதுத் தோட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு நான்தான் முதலில் கடையை விட்டு இறங்கினேன்.

டிவியில் இணைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு டிவி, 2006க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்ததே, அந்த இலவச வண்ணப் பெட்டி. அதில் எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது. கல்லூரியும் பூட்டிக் கிடந்தது.

அடுத்த தெருவில் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. என் தம்பி அவரிடம் படித்தவன். அவன்தான் சொன்னான்: “சார்கிட்ட கேளுக்கா. அவரு ஸ்கிரீன் இல்லாமத்தானே ஓட்டுறாரு!” மூன்று வருஷம் டிப்ளமோ படித்த எனக்குத் தோன்றாதது பிளஸ் ஒன் படிக்கிறவனுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

சாருக்குப் போன் போட்டேன். “சார், ஸ்கிரீன் போயிருச்சு” என்றேன்.

“போனாப் போகட்டும். எனக்கு என்னிக்கு இருந்துச்சு? மெஷினு உயிரோட இருக்கா, அத முதல்ல பாரு பாப்பா.”

கேப்ஸ் லாக்கைத் தட்டச் சொன்னார். விளக்கு எரிந்தது. “அப்ப சரி. கண்ட்ரோலும் விண்டோஸ் பட்டனும் பிடிச்சுக்கிட்டு என்டர் அடி.” அடித்தேன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் கம்ப்யூட்டர் சரியாகத் தொடங்கவில்லை என்று வாசித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காலையிலிருந்து வீட்டில் ஆளாளுக்குப் பவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில், மெஷின் பாதியிலேயே பலமுறை அணைந்து, விண்டோஸ் தானாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து துவக்கம் தடைப்பட்டால் அது அப்படித்தான் செய்யும். இந்தக் கருப்புக்குப் பின்னால் நீலத் திரை ஒன்று எங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

டேப் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பட்டனாகப் பெயர் சொல்லியது. ரீஸ்டார்ட் என்றதும் என்டர் அடித்தேன். மெஷின் மறுபடி வந்ததும் திரும்பவும் அதே மூன்று விசை. மீட்புத் திரையில் பேசும் நரேட்டர் வேறு, உள்ளே பேசும் நரேட்டர் வேறு. ஒன்றை எழுப்பினால் மற்றது தானாக எழாது. அப்புறம் பின் நம்பர். விண்டோஸும் ஈயும் சேர்த்து அடித்தால் ஃபோல்டர்கள் திறந்தன. புராஜெக்ட் என்று பெயரின் முதல் எழுத்துகளை அடித்ததும் சரியான ஃபோல்டரில் போய் நின்று பெயரை வாசித்தது. கண்ட்ரோல் சி. பென் டிரைவுக்குப் போய்க் கண்ட்ரோல் வி. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். அதில் அரை மணி, அந்தக் குரலின் வேகத்துக்கு என் காது பழகப் பிடித்த நேரம். சார் தன் மெஷினில் வைத்திருக்கும் வேகத்தைக் கேட்டால் நமக்கு வண்டு ரீங்காரம் மாதிரித்தான் இருக்கும். அவருக்கு அது செய்தி வாசிப்பு!

இந்த மடிக்கணினியை நான் இன்றும் வைத்திருக்கிறேன். காயலான் கடையில் எண்ணூறு ரூபாய்க்குப் பழைய மானிட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒயரைச் செருகி, விண்டோஸும் பியும் அடித்து, காதால் கேட்டு, இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஏழாயிரம் மிச்சம்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் டிப்ஸ். கட்டுரை எழுத வேண்டியிருக்காது. நன்றி சொல்ல சார் வீட்டுக்குப் போனேன். “உங்க மெஷினு ரிப்பேரானா நீங்களே பார்த்துக்குவீங்கதானே சார்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அவருடைய மெஷின் விண்டோஸுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அதே மூன்று விசையை அவரும் அடித்திருக்கிறார். பேசவில்லை. அங்கே நரேட்டர் பேச வேண்டுமானால், அந்த மெஷினில் உள்ள ஒலிச் சில்லுக்கான டிரைவர் மீட்புப் பகுதியிலும் இருக்க வேண்டும். என் மெஷினில் இருந்தது, அதிர்ஷ்டம். அவர் மெஷினில் இல்லை. பஸ் ஏறி ஒரு கடைக்குக் கொண்டுபோனார். “கண்ணு தெரிஞ்சவங்க யாரும் கூட வரலையா?” என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து பாஸ்வேர்டு கேட்டார்கள். சொன்னார். இரண்டு நாள் கழித்துப் போனால், “சரிப்படல சார், ஃபார்மட் பண்ணிட்டோம்” என்று கையில் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருஷமாக அவரே டைப் அடித்து வைத்திருந்த பாடக் குறிப்புகள் போயே போய்விட்டன. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“குறிப்ப மறுபடி எழுதிக்கலாம் பாப்பா. காலாண்டு கொஸ்டின் பேப்பரு, பேங்க் கணக்கு எல்லாம் உள்ள இருக்கு. நடுக்கடையில நாலு பேருக்கு மத்தியில வச்சு பாஸ்வேர்ட சத்தமாச் சொல்லுங்கன்னான் பாரு, அதுதான் இன்னும் ஆறல.”

நண்பர்களே, இதை நாம் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மெஷின் ஓடுகிறவரை அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. அரை நிமிடத்தில் மெயில் அனுப்புவார். எக்செல்லில் மார்க் லிஸ்ட் போடுவார். மெஷின் ஒரு நாள் மக்கர் பண்ணினால், அன்றைக்கு அவர் இன்னொருவர் கண்ணை இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணை மட்டுமா? பாஸ்வேர்டையும் தன் அந்தரங்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

எங்கே பேசுகிறது, எங்கே ஊமையாகிறது என்று கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் எழுவது பயாஸ், அல்லது இன்றைய பெயரில் யு.இ.எஃப்.ஐ. நான் தொட்ட எந்த மெஷினிலும் அது பேசியதில்லை. பூட் வரிசையை மாற்ற வேண்டுமா, தேதி நேரம் சரிசெய்ய வேண்டுமா, எல்லாமே கண்ணுக்குத்தான். சார் போன்றவர்கள் கீழ் அம்புக்குறியை எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அல்லது 2015ல் டென்மார்க்கில் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ செயலியில், போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, உலகத்தில் எங்கோ இருக்கும் ஒரு தொண்டரை வாசித்துச் சொல்லச் சொல்கிறார்கள். நல்ல மனசு உள்ளவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது சந்தோஷம்தான். ஆனால் தேதியை மாற்ற ஒரு வெளிநாட்டுக்காரர் உதவி வேண்டுமா?

அடுத்தது விண்டோஸின் மீட்புத் திரை. 2017ல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டில்தான் அங்கே நரேட்டரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அதுவும் ஊமை. இப்போதும், நான் சொன்னபடி, டிரைவர் அமைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சேஃப் மோட் இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது. நம் பழைய புத்தகங்களில் எஃப் 8 அடி என்று இருக்கும். அது எக்ஸ்.பி., விண்டோஸ் 7 காலத்துச் சமாச்சாரம். 2012ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது மலையேறிவிட்டது. இப்போது மீட்புத் திரை வழியாக உள்ளே போய், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 என்ற எண்ணைத் தட்ட வேண்டும். அது போகட்டும். எந்த மெஷினுக்கு என்ன கோளாறு வந்தாலும், “சேஃப் மோடுல போய்ப் பாரு” என்பதுதான் நமக்கு முதல் மந்திரம். ஆனால் பல மெஷின்களில் சேஃப் மோடில் ஒலிக்கான சேவையே தொடங்காது! அத்தியாவசியமானவை மட்டும் போதும் என்று விண்டோஸ் எண்ணிப் பார்த்ததில் ஒலி தேவையில்லாத சாமானாகப் போய்விட்டது. பாட்டு கேட்கிறவருக்கு அது ஆடம்பரம். சாருக்கு அதுதானே திரை? மானிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ரிப்பேர் செய் என்று நம்மிடம் சொன்னால் சும்மா இருப்போமா?

இது யாரோ நாலு பேர் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 ஜூலை 19ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பினால், மைக்ரோசாப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மருந்து என்ன? ஒவ்வொரு மெஷினாகப் போய், சேஃப் மோடிலோ மீட்புத் திரையிலோ நுழைந்து, ஒரு ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பை அழிப்பது. கட்டளை தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. நம்மைவிட நன்றாகக் கட்டளை அடிக்கத் தெரிந்த பார்வையற்ற ஊழியர் ஒருவர் அன்று அந்த அலுவலகத்தில் இருந்து, அவர் மெஷினும் சாருடையதைப் போல மீட்புத் திரையில் பேசாமல் நின்றிருந்தால்? கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அறிவு இருக்கிறது, கை இருக்கிறது, மெஷின் வாய் திறக்கவில்லை.

முடியாததைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். முடியும் என்று செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் மெஷின்களில் 2005லிருந்து வாய்ஸ்ஓவர் என்ற வாசிப்பான் கூடவே வருகிறது. இன்டெல் சில்லு உள்ள மேக்கில் கமாண்டும் ஆரும் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் மீட்புப் பகுதி வரும்; புதிய ஆப்பிள் சில்லு மெஷினில் பவர் பட்டனையே விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மீட்புப் பகுதியில் கமாண்டும் எஃப் 5ம் சேர்த்து அடித்தால் அங்கேயும் பேசும். மேக்கை ஆன் செய்ததும் வரும் ‘டங்’ ஓசைகூட வெறும் அலங்காரம் இல்லை. விசையைப் பிடிக்க இதுதான் நேரம் என்று காதுக்குச் சொல்லும் மணி அது. 2016ல் வந்த மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள். 2020ல் பிக் சர் பதிப்பில் மறுபடி செட்டிங்ஸில் கொண்டுவந்தார்கள். மேக்கின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும், அது வேறு கதை.

காசு இல்லாதவர்களுக்கு டெபியன் லினக்ஸ் இருக்கிறது. அதை நிறுவும் பென் டிரைவைப் போட்டு ஆன் செய்தால், பட்டியல் தயாரானதும் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். யு.இ.எஃப்.ஐ. மெஷினாக இருந்தால் இரண்டு பீப். உடனே எஸ் என்ற எழுத்தையும் என்டரையும் தட்டினால், நிறுவி முடிக்கும்வரை எல்லாவற்றையும் பேசிக்கொண்டே வரும். யாருடைய கண்ணும் வேண்டாம். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் கூடிச் செய்த வேலை இது!

பயாஸில் குரல் சேர்ப்பது லேசு இல்லை என்று ஒரு சீனியர் அண்ணன் என்னிடம் வாதாடினார். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஒலிச் சில்லு போடுகிறது, ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும், பயாஸ் சில்லில் இடம் குறைவு என்றார். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைய பயாஸில் மௌஸ் ஓடுகிறது, கலர் படம் வருகிறது, விசிறி சுற்றுவதைக்கூடப் படமாகக் காட்டுகிறார்கள். அதற்கெல்லாம் இடம் இருந்ததா? சரி, பேச வேண்டாம். விசில் அடித்தால் போதும். 1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோதே பீப் சத்தத்தில் கோளாறு சொன்னது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் டிஸ்ப்ளே கார்டு பழுது. திரையே வராதபோது திரையில் எழுதிக் காட்டுவது எப்படி என்று அன்றைக்கு யோசித்திருக்கிறார்கள். இன்றைக்குப் பல மடிக்கணினிகளில் அந்தப் பீப்பும் காணோம். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு சுருதியில் ஒரு பீப் அடிக்கக்கூட மனசு இல்லையா?

என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: “எத்தனை பேருடி அப்படி வரப் போறாங்க? அந்த ஒண்ணு ரெண்டு பேருக்காக இவ்வளவா?” முதலாவது, சட்டம் அப்படிக் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடத்துக்கு ஒருவர் நாளைக்கு நம் லேபுக்கு வந்து நின்றால் எந்த மெஷினில் உட்கார வைப்போம்? இரண்டாவது, இருட்டுத் திரை சாருக்கு மட்டும் இல்லை. ரிப்பேர் கடைகளில் போய்ப் பாருங்கள். பேனல் போன மடிக்கணினி அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவது, என் அம்மா. அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். எழுத்துத்தான் தெரியாது. மெஷின் கெட்டுப்போய் நீலத் திரையில் இங்கிலீஷில் என்ன எழுதினாலும் அம்மாவைப் பொறுத்தவரை அது கருப்புத் திரைதான். தமிழில் வாய் திறந்து சொன்னால் புரிந்துகொள்வார். விண்டோஸில் தமிழ்க் குரலும் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். ஆனால் மெஷின் நன்றாக ஓடும்போது மட்டும்தான் வள்ளுவர் வருவார்!

பெரிய கம்பெனிகள் எப்போது திருந்தும் என்பது நம் கையில் இல்லை. சிலபஸ் மாறுவதும் நம் கையில் இல்லை. லேப் நம் கையில் இருக்கிறது. என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006ல் தொடங்கியது. விலை கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்காகவே தொடங்கியது. தமிழும் வாசிக்கும். பென் டிரைவில் போட்டு எந்த விண்டோஸ் மெஷினிலும் நிறுவாமலே ஓட்டலாம். நாளைக்கு நம்மில் பாதிப்பேர் சர்வீஸ் சென்டரில்தான் உட்காரப் போகிறோம். சாரைப் போல ஒருவர் வந்து நிற்கும்போது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் அவரிடமே பேச வேண்டும். ஃபார்மட் போடுமுன் அவர் சம்மதம் கேட்க வேண்டும். பாஸ்வேர்டை அவரே அடிக்கட்டும் என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ள வேண்டும். வேலை முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது அது பேசுகிறதா என்று கேட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பேசாத மெஷினைச் சாருக்குக் கொடுப்பதும், மானிட்டர் இல்லாமல் நமக்குக் கொடுப்பதும் ஒன்றுதான்.

துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, பிப்ரவரியிலிருந்து வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் நாலரை மணிக்குச் சர்வீசிங் லேபில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். மானிட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து மீட்புப் பட்டியலுக்குப் போவது, பயாஸைத் தொடாமல் அங்கிருந்தே பென் டிரைவில் பூட் செய்வது, கட்டளைத் திரையில் கோப்பைக் காப்பி எடுப்பது, எல்லாம் காதால் மட்டும். ஒரு வாரம் சாரும் வந்தார். பிராக்டிகலில் நூற்றுக்கு நூறு வாங்கும் நம் ஆட்கள் இரண்டு பேர், நரேட்டர் சொன்ன பட்டனைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சார் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, “டீ சொல்லுங்கப்பா” என்றார்.

லேபில் உள்ள பன்னிரண்டு மெஷினில் எவை மீட்புத் திரையில் பேசுகின்றன, எவை பேசவில்லை என்று சோதித்து மெஷின் மேலேயே சீட்டு ஒட்டி வருகிறோம். இதுவரை ஏழு பார்த்தாயிற்று. நாலு பேசுகின்றன, மூன்று பேசவில்லை. மீதி ஐந்துக்கு ஆள் தேவை. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆறு ஹெட்போன் வாங்கித் தரும்படி சங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை அவரவர் இயர்போனைக் கொண்டு வாருங்கள். ஒயர் உள்ளதாக இருக்கட்டும். மீட்புத் திரையில் ப்ளூடூத் இணையாது.